ஆறு பொட்டலங்களும் ஓர் அறிக்கையும்: கோவை உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் சேவை பற்றி

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் பெருங்குடல் அழற்சி எனக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மெசலமைன் மாத்திரையின் தயவில் கடந்த மூன்று ஆண்டுகளாகப் பெரிய தொல்லை ஏதுமில்லை. ஆயினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மலப் பரிசோதனையில் கால்புரோடெக்டின் அளவு கிராமுக்கு 50 மைக்ரோகிராம் என்ற இயல்பு நிலைக்கு இறங்க மறுத்து, 120, 160, 140 என்று நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது. கால்புரோடெக்டின் என்பது நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் சுமந்து வரும் புரதம். குடலில் அவை எவ்வளவு குவிகின்றனவோ அவ்வளவு அது மலத்தில் கூடும். நெருப்பு அணைந்துவிட்டது, தணல் மட்டும் இருக்கிறது என்பதாக அந்த எண்ணை நான் புரிந்துகொண்டேன். "இது பயப்படும் அளவல்ல, மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார் மருத்துவர். அவர் சொன்னதில் குறையில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவனுக்குத் தணலை எது ஊதிக்கொண்டிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நாள்தோறும் தட்டில் விழும் சோற்றிலும் எண்ணெயிலும் பாலிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏதேனும் இருக்கிறதா என்று அறிய, ஈரோட்டிலிருந்து ஆறு பொட்டலங்களை எடுத்துக்கொண்டு கோவையில் உள்ள ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குச் சென்றேன். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. கூடத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன்; சொல்லப்போகும் குறைகளுள் பெரும்பாலானவை அந்த ஒரு கூடத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

அரசுக் கூடங்களும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலைய வளாகத்திலும், கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களிலும் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இயங்குகின்றன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதித்துக்கொள்ளலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. கடைக்காரர் மீது நடவடிக்கை எடுக்கும் நோக்கம் இருப்பவர்களுக்கு அதுவே வழி. எனக்கு வழக்கு வேண்டாம், எண் மட்டும் வேண்டும் என்பதால் தனியாரிடம் போனேன். இருந்தாலும் சட்டத்தின் நாகரிகம் பிடித்திருந்ததால், நிலக்கடலை வாங்கும்போது வழக்கமான மளிகைக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். "ஏனுங்க வாத்தியாரே, இப்பக் கடலைக்கும் ரத்தப் பரிசோதனை வந்துருச்சுங்களா?" என்று சிரித்துவிட்டு, கூடுதலாக ஒரு கை அள்ளிப் போட்டார்.

நான் கொண்டுபோனவை இவை: உதிரியாக வாங்கிய நிலக்கடலை, மரச்செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், தெருவில் கறந்து ஊற்றும் பசும்பால், ஆலையில் அரைத்த கோதுமை மாவு, கடையில் வாங்கிய மஞ்சள்தூள், ஒரு காலிபிளவர். பாலை மட்டும் பனிக்கட்டி நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, சுமார் 100 கிலோமீட்டர் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண், "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டார். ஏற்றுமதியாளர்களும் மசாலா நிறுவனங்களும் வந்துபோகும் இடம் அது. படிவத்தில் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வழியில்லை. "சொந்தச் சாப்பாடு" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார்.

கட்டணம் 16,500 ரூபாய். சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு சேர்த்து 19,470 ரூபாய். கடலைக்கும் எண்ணெய்க்கும் அஃப்லாடாக்சின், பாலுக்கு அதன் உருமாறிய வடிவமான அஃப்லாடாக்சின் எம்1, மாவுக்கு டிஆக்சிநிவலெனால் என்னும் இன்னொரு பூஞ்சை நஞ்சு, மஞ்சளுக்குக் கன உலோகங்கள், காலிபிளவருக்குப் பூச்சிக்கொல்லி எச்சங்கள் என்பது திட்டம். ஏழு வேலைநாளில் அறிக்கை தருவதாகச் சொன்னார்கள். பதின்மூன்று நாள் ஆயிற்று. தாமதம் என்னை உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. நிலக்கடலை 250 கிராம் போதும் என்றார்கள். அஃப்லாடாக்சின் என்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை சுரக்கும் நஞ்சு. அது கடலை முழுவதும் உப்பைப் போலச் சீராகக் கலந்திருப்பதில்லை. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும். ஒரே ஒரு சுருங்கிய பருப்பில் மொத்தக் கிலோவுக்கும் உரிய நஞ்சு இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் பெரிய கடலைச் சரக்குக்கு நூறு இடங்களிலிருந்து எடுத்து 20 கிலோ அளவுக்கு மாதிரி சேர்க்கச் சொல்வது இதனால்தான். 250 கிராமில் அந்த ஒரு பருப்பு சிக்கினால் ஒரு முடிவு, தப்பினால் வேறு முடிவு. நான் வற்புறுத்தி இரண்டு கிலோவைக் கொடுத்து, முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகே மாதிரி எடுக்கச் சொன்னேன். தொழில்நுட்ப மேலாளர் அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் கேட்கத் தெரியாதவருக்கு அதைச் சொல்லித் தருபவர் அங்கே எவரும் இல்லை.

இன்னொன்றையும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில், ஆய்வுக்கூடங்களுக்குத் தேசிய அளவில் அங்கீகாரம் வழங்கும் என்ஏபிஎல் அமைப்பின் சான்றிதழ் பெரிய சட்டகத்தில் மாட்டியிருக்கிறது. அந்த அங்கீகாரம் கட்டடத்துக்கு வழங்கப்படுவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும், ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. கடலையில் அஃப்லாடாக்சினைப் பார்க்க அங்கீகாரம் பெற்ற கூடம், பாலில் எம்1 பார்க்கவும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. என் ஆறு சோதனைகளில் எவை அந்த எல்லைக்குள் வருகின்றன என்று கேட்டபோது, ஐந்து வருகின்றன, கோதுமை மாவுச் சோதனை வரவில்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள். அறிக்கையிலும் அதை உடுக்குறியிட்டுக் காட்டியிருந்தார்கள். இந்த நேர்மைக்காகவே என் மதிப்பெண்ணில் பாதியைக் கொடுக்கலாம்.

அறிக்கை வந்தது. ஆறு தாள்கள், ஆறிலும் கடைசி வரி ஒன்றே: சோதிக்கப்பட்ட அளவுகளைப் பொறுத்தமட்டில் மாதிரி தரநிர்ணயத்துக்கு உட்பட்டுள்ளது. இதைப் படித்ததும் மகன், "அப்புறம் என்னப்பா, எல்லாம் பாஸ்" என்றான். அந்தக் கடைசி வரிக்கு மேலே இருக்கும் எண்களுக்காகத்தான் நான் பணம் கட்டினேன்.

நிலக்கடலையில் கிலோவுக்கு 11.8 மைக்ரோகிராம் மொத்த அஃப்லாடாக்சின் இருந்தது. நம் நாட்டில் மேற்கொண்டு பதப்படுத்தப்படவுள்ள கடலைக்கு வரம்பு 15; அப்படியே உண்ணத்தக்க நிலையில் விற்கப்படுவதற்கு 10. ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4. கூடம் 15-ஐ அளவுகோலாக வைத்துத் தேர்ச்சி கொடுத்துவிட்டது. நான் அந்தக் கடலையை வறுத்து அப்படியே கொறிப்பவன். வறுப்பது இந்த நஞ்சை ஓரளவு குறைக்குமே தவிர ஒழிக்காது. எந்த வரம்பின்கீழ் என்னுடைய கடலை வரும் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்.

அடுத்த இரண்டு தாள்களும் இந்தக் கடலையின் உறவினர்களே. கடலையைச் செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடுகிறது. எண்ணெயில் ஒரு சிறுபகுதி, குறிப்பாக வடியாத கசண்டில், தங்கிவிடுகிறது. ஆலைகளில் காரமிட்டு வெளுத்துச் சுத்திகரிக்கும் எண்ணெயில் அது ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும். செக்கு எண்ணெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. நல்ல கடலையைத் தேர்ந்து ஆட்டினால்தான் செக்கு எண்ணெய் நல்ல எண்ணெய். செக்கு மரமாக இருப்பதால் மட்டும் அல்ல. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் எனக்கு மரியாதை குறையும் என்று தெரிந்தே சொல்கிறேன். என் எண்ணெயில் 2.3 மைக்ரோகிராம் இருந்தது. இரண்டு நாள் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, அடியில் படிந்ததைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துகிறேன்.

புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் ஈரலில் அஃப்லாடாக்சின் பி1 உருமாறி எம்1 ஆகிப் பாலில் இறங்குகிறது; உண்டதில் நூற்றில் ஒன்று முதல் ஆறு பங்கு வரை இவ்வாறு வரும். காய்ச்சினாலும் போகாது. 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய ஆய்வில், தண்ணீர் கலப்பையும் யூரியாவையும் எல்லாரும் எதிர்பார்த்திருக்க, பெரிய பிரச்சினையாக வெளிப்பட்டது இந்த எம்1தான். 368 மாதிரிகள் வரம்பைத் தாண்டியிருந்தன. மாநிலங்களுள் தமிழ்நாடு முதலிடம், 551 மாதிரிகளில் 88. நம் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05. என் பாலில் 0.09. இங்கே தேர்ச்சி, அங்கே தோல்வி. பால்காரரிடம் இதைக் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. அவர் வாங்கும் புண்ணாக்கு மூட்டை ஈரத் தரையில் கிடப்பதைப் பார்த்து, அடியில் பலகை போடச் சொன்னதோடு சரி.

இந்த அளவுகள் குடலை என்ன செய்யும்? அஃப்லாடாக்சின் என்றால் ஈரல் புற்றுநோய் என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும், அது சரியே. 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்ச்மகாலிலும் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட மக்களில் 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தபோது நடந்தது பெரும் அளவு நஞ்சு ஈரலைத் தாக்கிய நிகழ்ச்சி. சிறு அளவு நெடுங்காலம் என்பது வேறு கதை. உண்ட நஞ்சு ஈரலுக்குப் போகுமுன் கடக்க வேண்டிய சுவர் குடலின் உட்சுவர். அது ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. மூன்று முதல் ஐந்து நாளில் முழுவதும் புதுப்பிக்கப்படுவது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இடுக்குகளைச் சில புரதங்கள் தைத்து வைத்திருக்கின்றன. அந்தத் தையல் தளர்ந்தால், உணவுப் பாதையில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் சுவர்ப்பொருள்கள் உள்ளே கசியும். காவலுக்கு நிற்கும் எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொள்ளும். கொப்பளிக்காத, ஆனால் அடங்காத அழற்சி தொடரும். விலங்குச் சோதனைகளில் அஃப்லாடாக்சின் பி1 இந்தத் தையல் புரதங்களைக் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே கொடுத்த அளவுகள் என் கடலையில் இருப்பதைவிட மிகப் பெரியவை. இதை மறைத்துவிட்டு எழுதினால் கட்டுரை பரபரப்பாக இருக்கும், உண்மையாக இராது.

குடலைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்பட வேண்டிய தாள் கோதுமை மாவுத் தாள்தான் என்பது என் கருத்து. ஃபியூசேரியம் என்னும் வயல் பூஞ்சை கோதுமைக் கதிரிலேயே உண்டாக்கும் நஞ்சு டிஆக்சிநிவலெனால். கால்நடை மருத்துவர்கள் வைத்த பட்டப்பெயர் வாமிடாக்சின். பன்றிக்குத் தீவனத்தில் கலந்தால் வாந்தி எடுக்கும், தீனியை மறுக்கும். இந்த நஞ்சு நேராக ரைபோசோமில் போய் உட்கார்ந்துகொண்டு புரத உற்பத்தியைத் தடுக்கிறது. ஓய்வின்றிப் புதுப்பிக்கப்படும் குடல் சுவர்தான் புரதத்துக்காக எப்போதும் அலையும் இடம் என்பதால், முதல் அடி அங்கேதான் விழுகிறது. பன்றிக் குடல் செல்களில் கிளாடின் என்னும் தையல் புரதம் குறைவதை ஆய்வுக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. அதுவும் நம் நாட்டிலேயே. 1987-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கோதுமை மாவில் செய்த ரொட்டியை உண்டவர்களுக்கு வயிற்றுவலியும் பேதியும், சிலருக்கு மலத்தில் இரத்தமும் கண்டன. அந்த மாவில் இவ்வகை நஞ்சுகள் இருந்ததை ஆய்ந்து பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த அறிகுறிப் பட்டியலைப் படித்தபோது, என் நோய்க்குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் படிப்பது போலிருந்தது. காரணம் ஒன்றென்று சொல்லவில்லை. தாக்கப்படும் இடம் ஒன்று.

இங்கேதான் அறிக்கையின் கடைசி வரி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது தெரிந்தது. நம் நாட்டில் கோதுமைக்கு இந்த நஞ்சின் வரம்பு கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம். உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, நாள்தோறும் ஏற்கத்தக்க உச்ச அளவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு நாளைக்கு 60 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்று பொருள். வரம்பைத் தொட்டும் தாண்டாமலும் இருக்கும் மாவில் 200 கிராமைச் சப்பாத்தியாக உண்டால் 200 மைக்ரோகிராம் உள்ளே போகும். தாங்கத்தக்க அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மாவோ சட்டப்படி தேர்ச்சி பெற்றதுதான். சரக்குக்கு ஒரு வரம்பு, உடம்புக்கு ஒரு வரம்பு. இரண்டையும் இணைக்கும் பெருக்கல் கணக்கை எவரும் அறிக்கையில் போட்டுத் தருவதில்லை. என் மாவில் 240 இருந்தது. இரவில் நான் உண்ணும் மூன்று சப்பாத்திக்கு ஏறக்குறைய 100 கிராம் மாவு. அதாவது 24 மைக்ரோகிராம். என் அறுபது கிலோவுக்கு 0.4. வரம்புக்குள்தான். ஆனால் மூன்று வேளையும் கோதுமை உண்ணச் சொல்லி யாரோ சொன்னதைக் கேட்டு, சர்க்கரைக்குப் பயந்து சோற்றை விட்டவர்கள் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவிலேயே நால்வர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எடை 45 கிலோ. இதே மாவை அவர் 300 கிராம் உண்டால் 72 மைக்ரோகிராம். அவருக்கு உரிய 45-ஐத் தாண்டிவிடுகிறது. அறிக்கையின் அடியில், இந்த மாவை நாளொன்றுக்கு இத்தனை கிராம் வரை என்று ஒரு வரி சேர்க்க அந்தக் கூடத்துக்கு அரை நிமிடம் போதும். கேட்டேன். "எங்களுக்கு அப்படிக் கருத்துச் சொல்ல அதிகாரமில்லை சார்" என்றார் மேலாளர். புரிகிறது, ஏற்க மனமில்லை.

மஞ்சள்தூளில் ஈயம் 0.4 மில்லிகிராம், நம் வரம்பு 10. பங்களாதேசத்தில் மஞ்சளுக்கு மெருகேற்ற ஈயக் குரோமேட்டைப் பூசும் வழக்கம் 2019-இல் ஆய்வுகளால் அம்பலமாகி, அரசு கடுமை காட்டியபின் இரண்டே ஆண்டில் ஏறக்குறைய ஒழிந்த கதையைப் படித்ததால்தான் இதைச் சேர்த்தேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் விளையும் ஊரிலிருந்துகொண்டு கடைத்தூளை வாங்கிச் சோதித்தது என் சோம்பேறித்தனத்துக்குக் கட்டிய அபராதம். விரலி மஞ்சளை வாங்கி மாவு மில்லில் அரைத்துக்கொண்டால் இந்த 2,000 ரூபாய் மிச்சம். மேலும், ஈயம் முதலில் கெடுப்பது மூளையையும் இரத்தத்தையும். குடல் அழற்சியைத் தேடிப் போனவனுக்கு இது பக்கவாட்டுச் சந்து.

காலிபிளவர்ச் சோதனைக்கு 5,000 ரூபாய். இருநூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லிகளின் பெயர்கள் நான்கு பக்கத்துக்கு நீண்டன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே கணிக்கத்தக்க அளவுக்குக் கீழ் என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சுருக்கம். அந்தக் கணிக்கத்தக்க அளவு எவ்வளவு என்று முதல் அறிக்கையில் போடவே இல்லை. அதைப் போடாமல் கீழே என்று சொல்வது, தராசின் மிகச் சிறிய படிக்கல் எதுவென்று சொல்லாமல் எடை இல்லை என்று சொல்வதற்குச் சமம். கேட்ட மறுநாளே, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று சேர்த்துத் திருத்திய அறிக்கையை அனுப்பினார்கள். இரண்டு மருந்துகள் மட்டும் அளவிடக்கூடிய நிலையில் இருந்தன, இரண்டும் தத்தம் வரம்புக்குள். ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தால் போதும் என்பது விதி. இரண்டும் சேர்ந்து ஒரே குடலுக்குள் போகின்றன என்பதை விதி கணக்கில் எடுப்பதில்லை. எனினும் ஒரு காலிபிளவரின் முடிவு அடுத்த வாரத்துக் காலிபிளவருக்குப் பொருந்தாது. வீட்டுக்காகச் செய்யும் செலவில் வீணானது இதுதான் என்பேன்.

கூடத்தால் சோதிக்க முடியாது என்று திருப்பி அனுப்பிய ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவிலும் நீரிலும் சேரும் வேதிப்பொருள்களில், என் நோயோடு பெயர் சொல்லி இணைக்கப்பட்டது ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் டுபான்ட் ஆலையிலிருந்து வெளியேறிய பிஎஃப்ஓஏ என்னும் பொருள், ஓகையோ ஆற்றங்கரை ஊர்களின் குடிநீரில் பல்லாண்டுகள் கலந்தது. வழக்கின் முடிவில், ஏறக்குறைய 69,000 பேரின் இரத்தத்தையும் மருத்துவ விவரங்களையும் திரட்டினார்கள். அவற்றை ஆராய்ந்த அறிவியல் குழு, 2011-12-இல் இந்தப் பொருளோடு தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று அறிவித்த ஆறு நோய்களுள் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஒன்று. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரங்களின் பூச்சைத் தயாரிக்கும் ஆலைகளில் பயன்பட்ட பொருள் அது. என் சமையலறையின் சுரண்டப்பட்ட பழைய தோசைக்கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டி, இதில் சமைத்த உணவில் அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அதற்கான வசதி தங்களிடம் இல்லை என்றார்கள். இரும்புக்கல்லுக்கு மாற 700 ரூபாய் ஆயிற்று. சோதனைக் கட்டணத்தைவிட மலிவு. மேற்கு வர்ஜீனியாவில் பாதிப்பு வந்தது குடிநீர் வழியாக, வாணலி வழியாக அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, இந்தச் சேவையின் எல்லைக்கே வெளியே நிற்கும் ஒன்று. குடல் அழற்சியைப் பற்றிய ஆராய்ச்சியில் இன்று வலுவாக நிற்பவற்றுள் சில, கலப்படப் பொருள்களைப் பற்றியவையே அல்ல. சட்டப்படி அனுமதிக்கப்பட்டு, பொட்டலத்தில் எண்ணோடு அச்சிட்டு விற்கப்படும், எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் குழம்பாக்கிகளைப் பற்றியவை. 2015-இல் பெனுவா ஷசேன், ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ் ஆகியோரின் குழு கார்பாக்சிமெத்தில் செல்லுலோசையும் பாலிசார்பேட் 80-ஐயும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. குடல் சுவரின் மேல் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்குள் பாக்டீரியாக்கள் நெருங்கி வருவதையும், மெல்லிய அழற்சி தோன்றுவதையும் கண்டது. பின்னர் மனிதரிடம் செய்து 2022-இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு 15 கிராம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசைப் 11 நாள் உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியது. ஒருசிலரிடம் அந்த நெருக்கமும் தென்பட்டது. பங்கேற்றவர்கள் பதினாறு பேரே. கொடுத்த அளவும் சாதாரணமாக யாரும் உண்ணாத அளவு. ஆகவே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் மாலைநேரப் பனிக்கூழ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது 466, 407, 471 என்ற மூன்று எண்கள் வரிசையாக இருந்தன. 466 என்பது அந்தக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 407 காரஜீனன். இதைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தால் சுத்தமான பொருள் என்றே சான்று கிடைத்திருக்கும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தைப் படிப்பதற்குக் கட்டணமில்லை.

அறிக்கையை மருத்துவரிடம் காட்டினேன். பொறுமையாகப் புரட்டிவிட்டு, இவற்றில் எதுவும் கால்புரோடெக்டின் 140-இல் நிற்பதற்குக் காரணம் என்று தம்மால் சொல்ல முடியாது என்றும், பூஞ்சை பிடித்ததைத் தவிர்ப்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இருக்க முடியாது என்றும் சொன்னார். மாத்திரையின் அளவை மாற்றவில்லை.

பிறகு சொந்த ஆர்வத்தில் ஒன்று செய்தேன். அதே கடையில், அதே மூட்டையிலிருந்து இன்னும் இரண்டு கிலோ கடலை வாங்கி, முறத்தில் பரப்பி, சுருங்கியது, நிறம் மாறியது, தோல் உரிந்து ஓரம் கறுத்தது என எல்லாவற்றையும் என் மனைவியும் நானும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தோம். நீக்கியது ஏறக்குறைய ஒன்றரைக் கைப்பிடிதான். மீதியை மறுபடி அனுப்பினேன். வரியோடு 2,596 ரூபாய். முடிவு 1.9 மைக்ரோகிராம். இரண்டே மாதிரிகளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். அந்த நஞ்சின் பரவல் சீரற்றது என்று மேலே நானே எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் எங்கள் பாட்டிமார் முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலைக்கு இந்தக் கூடத்தின் கருவி போட்ட மதிப்பெண்ணாக அந்தத் தாளை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

இந்தக் கூடத்துக்கு மறுபடி போவேனா என்றால், கடலைக்கும் கோதுமை மாவுக்கும் போவேன். மற்ற நான்குக்கும் போக மாட்டேன். போகிறவர்கள் மாதிரியை இரண்டு கிலோவாகக் கொண்டுபோகவும். அங்கீகார எல்லை எது, கணிக்கத்தக்க அளவு எவ்வளவு, எந்த வரம்போடு ஒப்பிடுகிறார்கள் என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்கவும். தொலைபேசியில் கேட்டால் விற்பனைப் பிரிவுதான் பேசும். பத்து மணிக்கு மேல் நேரில் போனால் மேலாளரையே பார்க்கலாம், பேச நேரம் ஒதுக்குகிறார். பாலைத் தூதஞ்சலில் வாங்குவதில்லை. சனிக்கிழமை கொடுத்தால் திங்கள்வரை குளிர்ப்பெட்டியில் கிடக்கும் என்பதால், வாரத் தொடக்கத்தில் காலையிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.